தெரு ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே சங்கதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: வந்து சேர்ந்த ஊரில் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் வேறு அரசியல் பேசுகிறார்கள், அங்கே எப்படி ஒட்டுவது? புதுச்சேரியிலிருந்து வந்த நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டேன், கட்சிப் பெயர்களை விடவில்லை. அதை மறைத்தால் இங்கே பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வாசகி, லாஸ்பேட்டை

எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். அப்பா ரொம்ப வருஷமாக தி.மு.க. கிளைச் செயலாளர். தேர்தல் வந்தால் பூத் சிலிப் எழுதுவதே எங்கள் வீட்டுத் திண்ணையில்தான், அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கணவருக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை கிடைத்ததால் லாஸ்பேட்டையில் வாடகைக்கு வந்தோம். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் என்.ஆர். காங்கிரஸ், மீதிப் பேர் பா.ஜ.க. வீட்டு ஓனர் அம்மா பாசமானவர், குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் சாயந்தரம் வாசலில் எல்லாரும் உட்கார்ந்து பேசும்போது எங்கள் தலைவர்களை அவன் இவன் என்று பேசுகிறார்கள். எனக்கு முகம் சிவந்துவிடும், எழுந்து உள்ளே போய்விடுவேன். ஆடி மாதம் தெருக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், எங்களைக் கூப்பிடவில்லை. கணவர், 'அவர்கள் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட்டுவிட்டுப் போ' என்கிறார். நான் வேறு ஆளாக நடிக்க வேண்டுமா?

நடிக்க வேண்டாம், சகோதரி. தினமும் சாயந்தரம் மனதுக்கு ஒப்பாத பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சீக்கிரமே அந்த வாசல் மேலேயே உங்களுக்கு வெறுப்பு வந்துவிடும். அதற்காக எழுந்து உள்ளே போவதும் சரியில்லை. நீங்கள் கோபமாகப் போகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும், எதற்கென்று தெரியாது. கட்சிக்காகவா, வாடகை ஏற்றியதற்காகவா, குழம்பு பிடிக்கவில்லையா என்று அவர்களாக ஒன்றை நினைத்துக்கொள்வார்கள்.

முதலில் இந்த ஊர் அரசியல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பாதி வருத்தம் குறையும். கடலூருக்கும் இங்கேக்கும் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் முள்ளோடை தாண்டியதும் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் சராசரியாக இரண்டரை லட்சம் வாக்காளர் அளவுக்கு இருக்கிறார்கள். இங்கே புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் சேர்த்தே சுமார் 10 லட்சம் வாக்காளர்தான், அவர்களுக்கு 30 தொகுதி. அதாவது ஒரு எம்.எல்.ஏ.வுக்கு முப்பதாயிரம் சொச்சம் பேர். அவருக்கு உங்கள் ஓனர் அம்மாவைப் பெயர் சொல்லித் தெரியும், மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்தார்கள் என்பது வரை தெரியும். காதுகுத்துக்கு வருவார், சாவுக்கு மாலையோடு வருவார். போதாததற்கு இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, அப்புறம் 38 வருஷம் கழித்து 2006-ல்தான் நடந்தது, அதில் வந்தவர்களின் பதவிக்காலமும் 2011-லேயே முடிந்துபோனது. கவுன்சிலர் என்று போய் நிற்க ஆள் இல்லாத ஊரில் தெருவிளக்கு எரியாவிட்டாலும், சாக்கடை அடைத்தாலும், பையனுக்கு காலேஜ் சீட் வேண்டுமென்றாலும், ஆஸ்பத்திரியில் பெட் கிடைக்காவிட்டாலும் காலையிலேயே போய் நிற்பது எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான்.

அதனால் உங்கள் தெருக்காரர்கள் ஒரு கட்சியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்றால் பல சமயம் அது ஒரு மனிதர் மேலுள்ள நன்றி. அந்த மனிதர் கட்சி மாறினால் இவர்களும் மாறுவார்கள். ரங்கசாமி காங்கிரஸ் முதல்வராக இருந்தவர், 2011-ல் என்.ஆர். காங்கிரஸ் என்று தனிக்கட்சி தொடங்கி அதே வருஷம் ஆட்சியைப் பிடித்தார். பல வீடுகளில் பழைய கை சின்னக் காலண்டரைக் கழற்றிய ஆணியிலேயே புதுக் காலண்டரை மாட்டினார்கள். 2021-ல் என்.ஆர். காங்கிரஸ், பா.ஜ.க. கூட்டணியை ஆட்சியில் உட்கார வைத்த இதே மக்கள்தான் 2024 நாடாளுமன்றத் தேர்தலில், இருக்கிற ஒரே தொகுதியை தி.மு.க. கூட்டணியில் நின்ற காங்கிரசுக்குக் கொடுத்தார்கள். உங்களோடு வாசலில் உட்காருகிறவர்களில் ஒன்றிரண்டு பேர் அன்றைக்கு உங்கள் அப்பா கைகாட்டும் பக்கமே குத்தியிருக்கலாம். அவர்களிடம் கொள்கை இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். தெருவில் தண்ணீர் வராத நாளில் வந்து நின்றவருக்கு ஓட்டுப் போடுவது என்பது அவர்களுடைய கொள்கை, அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

மாற்றுக் கருத்தும் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தபோது 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர் வீடு, என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் இங்கே சட்டமன்றத்துக்குப் போடுகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில் மேல் கிண்ணம் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, வாசலில் என்ன செய்வது? கூட்டத்தில் வைத்து எதுவும் சொல்லாதீர்கள். ஓனர் அம்மா தனியாகக் கிண்ணத்தோடு வரும்போது உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "அம்மா, எங்க அப்பா காலத்துல இருந்து நாங்க அந்தக் கட்சி. நீங்க அவங்க ஆட்சியத் திட்டுங்க, நானும் சில விஷயத்துல திட்டுவேன். அவன் இவன்னு சொல்றப்ப மட்டும் எங்க அப்பாவச் சொல்ற மாதிரி இருக்கும்மா." இதை ஒரு தடவை சொன்னால் போதும், குரல் உயர வேண்டாம். அவர் பாசமானவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படிப்பட்டவர்கள் இதைக் கேட்டால் பதறிப்போய்விடுவார்கள், அடுத்த முறை மற்றவர்களையும் அவரே அடக்குவார். நீங்களும் அவர்கள் தலைவரைப் பற்றிப் பேசும்போது 'அவர்' என்றே சொல்ல வேண்டும், வீட்டுக்குள் கணவரிடம் பேசும்போதும்கூட. வீட்டில் பழகிய நாக்குதான் வாசலில் வரும்.

கூழ் விஷயத்தில் நீங்கள் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பல தெருக்களில் கோயில் வசூல் சொந்த வீட்டுக்காரர் பெயரில்தான் நோட்டில் எழுதப்படும், வாடகைக்கு வந்தவர்கள் எப்போது காலி செய்வார்களோ என்று விட்டுவிடுவார்கள். அது கட்சி பார்த்துச் செய்ததாக இருக்காது. வருகிற ஆடியில் கூப்பிடுவார்களா என்று காத்திருக்காமல் முதல் நாள் சாயந்தரமே இரண்டு கிலோ கேழ்வரகு மாவும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போங்கள். அன்றைக்கு ராத்திரி அங்கே நடப்பதை நான் எங்கள் முத்தியால்பேட்டையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாக்கை விரித்து நடுவில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, சுற்றி பத்துப் பன்னிரண்டு பெண்கள் கத்தியும் அரிவாள்மனையுமாக உட்கார்ந்துவிடுவார்கள், கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பேச்சு ஓடும். எந்த வீட்டுப் பெண்ணுக்கு எட்டாம் மாசம், எந்தக் கடையில் கருவாடு நல்லது, யாருக்கு முட்டிவலி என்று எல்லாம் வரும், கட்சி வராது. வந்தாலும் அடுப்பில் நொய் அடிப்பிடிக்கிறது என்று யாராவது குரல் கொடுத்ததும் போய்விடும். அந்தச் சாக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவளை அப்புறம் தெரு எந்தக் கட்சிக்காரி என்று யோசிக்காது, எங்கள் தெருப் பெண் என்றுதான் சொல்லும்.

இன்னொன்று, கடலூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்குமே சொல்ல வேண்டியது. 'பாண்டியை தமிழ்நாட்டோடு சேர்த்துவிட்டால் என்ன' என்று பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதீர்கள். 1979 ஜனவரியில் அப்படி ஒரு பேச்சு டெல்லியிலிருந்து வந்தபோது ஊரே தெருவில் இறங்கிவிட்டது. இன்றைக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்பது எல்லாக் கட்சிக்காரரும் சேர்ந்து பேசுகிற ஒரே விஷயம், சட்டமன்றத்தில் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அதேபோல் பாண்டி என்றாலே சரக்குத்தான் என்று சிரிப்பவர்களை இங்கே யாருக்கும் பிடிப்பதில்லை. இங்கே பிள்ளை வளர்த்து, கோயில் குளம் போய், கடன் கட்டி வாழ்கிறவர்களை வாரக் கடைசிக் குடிகாரர்களின் ஊர்க்காரர்களாகப் பார்ப்பது அவர்களுக்கு வலிக்கிறது. கட்சியில் எதிர்ப்பக்கம் நின்றால்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்க நாளாகும். தமிழ்நாட்டுக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்பதும் சரிவராது. அ.தி.மு.க. முதன்முதலில் ஆட்சி அமைத்ததே தமிழ்நாட்டில் இல்லை, 1974-ல் புதுச்சேரியில்தான். இந்த ஊர் தன் போக்கில் யோசிக்கிற ஊர்.

வாசகர், புதுச்சேரி நகரம்

நாகர்கோவிலில் இருந்து மாற்றலாகி இங்கே ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன், வயது 29. எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே பா.ஜ.க. ஆதரவு. கிளையில் மூத்தவர்கள் எல்லாரும் இடதுசாரி தொழிற்சங்கம். ஜூலை 30 அன்று ஏதோ தியாகிகள் நிகழ்ச்சிக்கு மாலை போடப் போகிறோம், வா என்று கூப்பிட்டார்கள். எனக்கு அந்த அரசியல் ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

தம்பி, போகாமல் இருந்ததில் ஒன்றும் இல்லை. அது என்னவென்று கேட்காமலே ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள், அதுதான் அவர்களைச் சுட்டிருக்கும்.

1936 ஜூலை 30 அன்று இங்கே சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசின் படை சுட்டது, 12 பேர் செத்தார்கள். வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க விடு, மனிதனாக நடத்து என்பதற்காக நடந்த போராட்டம். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னால் நின்று நடத்தியது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது, நீங்களும் நானும் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால். இந்த ஊரில் சவானா, ரோடியர், பாரதி என்று மூன்று மில்களை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம், முதலியார்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் எந்தத் தெருவுக்குப் போனாலும் மில் சங்கு கேட்டு எழுந்த தாத்தாவைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருப்பார். உங்கள் கிளையில் இருப்பவர்களில் சிலருக்கு அந்த நாள் வீட்டுத் திதி மாதிரி. திதிக்குக் கூப்பிட்டவரிடம் 'உங்கள் அரசியல் எனக்கு ஒத்துவராது' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

உங்கள் நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. மேஜையில் இருப்பவர்களில் மூத்தவர் யாரோ அவரிடம் போய், "சார், அன்னைக்கு நான் சட்டுனு சொல்லிட்டேன், அந்த 36 சம்பவம் என்னன்னு சொல்லுங்க, எனக்குத் தெரியாது" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு முழுசாகச் சொல்ல விடுங்கள், நடுவில் மடக்காதீர்கள். அடுத்த ஜூலையில் போக மனம் வந்தால் போய், கோஷம் போடாமல், கொடி பிடிக்காமல், செத்த 12 பேருக்காக நின்றுவிட்டு வாருங்கள். மனம் வராவிட்டால் போக வேண்டாம், ஆனால் காரணம் தெரிந்து மறுத்தவராக இருப்பீர்கள். நீங்கள் பா.ஜ.க. ஆதரவு என்பதையும் நீங்களே ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள், அவர்களாக மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க விடாதீர்கள். அப்படி வெளியே வந்தால் ஒளித்து வைத்தது மாதிரி ஆகிவிடும்.

இதை உங்கள் கூட வேலை செய்பவர்கள் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் தெரியாமல் குமரி மாவட்டத்திலிருந்து இத்தனை தூரம் வந்து தனியாக ரூமில் இருக்கும் பையன் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பேச்சை நிறுத்துவது தொழிலாளர் ஒற்றுமையில் எந்த வகை? சுப்பையாவைப் பற்றி அவனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். உம்மென்று சாப்பிட்டால் யார் சொல்வது? மதத்தையோ சாதியையோ வைத்து யாராவது யாரையாவது மட்டமாகப் பேசினால் அதற்கு அந்த மேஜையில் இடம் கிடையாது, அது உங்கள் பக்கத்திலிருந்து வந்தாலும் அவன் பக்கத்திலிருந்து வந்தாலும். அந்த ஒரு இடத்தில் நாசூக்குப் பார்க்காமல் நேரே சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே பேசித் தீர்க்கக்கூடியவைதான்.

வாசகி, முதலியார்பேட்டை

தெருப் பையன்கள் ஒரு வாரம் ஒரு தலைவர் பிறந்தநாள், அடுத்த வாரம் இன்னொரு தலைவர் பிறந்தநாள் என்று வசூலுக்கு வருகிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் முறைக்கிறார்கள். பேனரில் என் கணவர் பெயரைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள். நாங்கள் இந்த ஊருக்குப் புதுசு, எப்படிச் சமாளிப்பது?

கட்சிக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள், எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லுங்கள்: "தம்பி, நாங்க கட்சிக்குக் குடுக்கறதில்ல. கோயில் திருவிழா, சாவு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க நோட்டுப் புத்தகம்னா கேளுங்க, முடிஞ்சத தர்றோம்." சொன்னபடி அதற்கெல்லாம் தாராளமாகக் கொடுங்கள், அப்போதுதான் இது கஞ்சத்தனம் இல்லை என்று புரியும். முதல் தடவை முனகுவார்கள். எதிர்க் கோஷ்டிக்கும் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுவார்கள். பேனர் விஷயத்தில் பையன்களைத் திட்ட வேண்டாம், அதை எழுதச் சொன்ன பெரியவர் ஒருவர் இருப்பார், கணவரை நேரில் போய் அவரிடம், இனிமேல் கேட்காமல் போட வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், நேரில்.

வாசகர், ரெட்டியார்பாளையம்

விருத்தாசலம் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், மகனோடு இருக்கிறேன். கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கும் ஒரு குழுவில் சேர்ந்தேன். நான் பெரியார் வழி, அவர்களில் பலர் ஆன்மிக ஈடுபாடு உள்ளவர்கள், ஆசிரமத்துக்குப் போகிறவர்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவர் பெரியாரைப் பற்றிப் பொய்யான ஒரு செய்தியைப் போட்டார். நான் ஆதாரத்தோடு அதே குழுவில் மறுத்து நீளமாக எழுதினேன். அப்போதிலிருந்து காந்தி சிலை பக்கம் எனக்காக யாரும் நிற்பதில்லை. பொய்யைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?

இல்லை ஐயா, சும்மா இருக்கச் சொல்ல மாட்டேன். பொய் என்று தெரிந்தால் மறுத்துத்தான் ஆக வேண்டும், உங்கள் வாழ்க்கையே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் நாற்பது பேர் பார்க்கிற இடத்தில் ஆசிரியர் மாதிரி நீளமாகத் திருத்தினால், அதுவும் பேரன் பேத்தி எடுத்த ஒருவரை, அவருக்குச் செய்தி பொய்யா மெய்யா என்பது மறந்துபோகும், தலைகுனிவு மட்டும்தான் நிற்கும். குழுவில் 'இது சரியான தகவல் இல்லை என்று நினைக்கிறேன், ஐயாவிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டு ஆதாரத்தை அவருக்குத் தனியாக அனுப்பியிருந்தால் மறுப்பும் பதிவாகியிருக்கும், அவர் முகமும் தப்பியிருக்கும்.

நீங்கள் நடக்கிற அந்த ஊர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாரதியார் 1908-லிருந்து 1918 வரை இங்கே இருந்தார், 1910-ல் அரவிந்தர் வந்து சேர்ந்தார், வ.வே.சு. ஐயரும் வந்தார். ஒரே இடத்தில் அடைக்கலம் தேடி வந்த மூன்று பேர், மூன்று பேரின் போக்கும் ஒன்றில்லை. பாரதியாரிடம் பழகிய கனகசுப்புரத்தினம் முதலில் முருகன் மேல் துதி பாடியவர், பிறகு சுயமரியாதை இயக்கத்துக்குப் போய் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த பகுத்தறிவுக் கவிஞரானார். சக்தியைப் பாடிய பாரதிக்குத் தாசன் என்று வைத்துக்கொண்ட பெயரை அவர் கடைசி வரை கழற்றவில்லை. கடவுள் விஷயத்தில் குருவோடு முழுக்க முரண்பட்ட பிறகும் அந்த மனிதர் மேலிருந்த அன்பை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உங்கள் நடைக் குழுவில் இருக்கும் ஆன்மிகப் பெரியவர்களிடம் நீங்கள் தாராளமாகப் பேசக்கூடிய விஷயம் இது, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கும் பாரதியார் இல்லமும் பெருமாள் கோயில் தெருவில் இருக்கும் பாரதிதாசன் இல்லமும் நடந்து போகிற தூரம்தான்.

அந்தச் செய்தியைப் போட்டவருக்கு இன்றைக்கே தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள், இரண்டு வரி போதும்: 'குழுவில் எல்லார் முன்னாலும் எழுதியது உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். கருத்தில் மாற்றமில்லை, உங்கள் மேல் மரியாதையிலும் மாற்றமில்லை.' ஏழரை மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகளை விட்டுவிடுவார்கள், அதற்கு முன்னால் வழக்கமான நேரத்துக்கே போய் காந்தி சிலை பக்கம் நில்லுங்கள். முதல் நாள் அவர் பார்க்காத மாதிரி போனாலும் அடுத்த நாளும் போங்கள். வணக்கம் மட்டும் வையுங்கள், செய்தியைப் பற்றி அவராக ஆரம்பிக்கும் வரை நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம்.